மழைநீரில் கழுவும் கம்பளி

பால்டிக் கடலில் கிடக்கும் கோட்லாண்ட், சுவீடனின் மிகப் பெரிய தீவு. அதன் வடபகுதியில் சுண்ணாம்புக் கல்லால் எழுப்பிய பழைய மாட்டுத் தொழுவம் ஒன்றில் இப்போது நான்கு பேர் கம்பளி வேலை செய்கிறார்கள். வாசலோரம் சேறு படிந்த பூட்சுகள். உள்ளே எல்லோருக்கும் தடித்த காலுறைதான். நடமாட்டம் காதில் விழுவதில்லை.

அக்டோபர் கடைசி. இலையுதிர்காலக் கத்தரிப்பு முடிந்து, அக்கம்பக்கத்துப் பண்ணைகளின் மூட்டைகள் வந்து இறங்கியிருக்கின்றன. மரச்சட்டத்தில் கம்பிவலை அடித்த மேசைமேல் நரைத்த தலை அம்மையார் ஒரு மூட்டையைப் பிரிக்கிறார். ஓர் ஆட்டின் மயிர் முழுவதும் ஒரே விரிப்பாக அகல்கிறது. எது தோள், எது வால்பக்கம் என்று அவர் கை தேடுவதே இல்லை. ஒரு கற்றையை இரு முனையிலும் பிடித்துக் காதோரம் கொண்டுபோய்ச் சுண்டுகிறார். ‘டிங்’ என்று தெளிவாக ஒலித்தால் போர்வைக் கூடைக்கு. இழை அறுகிற நறநறப்பு கேட்டால் வேறு கூடைக்கு. ஆடு நோயில் கிடந்ததையும் தீனிக்குத் தவித்ததையும் அந்த இழையே சொல்லிவிடும். ஒட்டியிருக்கும் வைக்கோல் துணுக்குகளை ஒவ்வொன்றாகக் கிள்ளி எடுக்கிறார். அவசரமே இல்லாத விரல்கள்.

சுவீடனில் பல ஆண்டுகளாக உள்ளூர் ஆட்டு மயிரில் பெரும்பகுதி குப்பையாகத்தான் போனது. விற்ற விலை கத்தரிக்கும் கூலிக்கே காணவில்லை. அதே நாட்டுக் கடைகளிலோ உலகத்தின் மறுகோடியிலிருந்து கப்பலேறி வந்த மெரினோ ஆடைகள். இந்த மேசையருகே சிறிது நேரம் நின்றவருக்கு அந்தக் கணக்கு நெஞ்சில் தைக்கும்.

ஜன்னலடியில் ஓர் இளைஞன் சுருள்களை நிறவாரியாக அடுக்குகிறான். இங்குள்ள ஆடுகள், தீவின் பழைய கொம்பாடுகளிலிருந்து 1920-களில் தொடங்கித் தேர்ந்து பெருக்கிய இனம். வெள்ளிச் சாம்பலிலிருந்து கரி நிறம் வரை ஆடே நிறம் தருகிறது. சாயத்தொட்டி என்ற ஒன்று இங்கே கிடையாது. இரண்டு சுருள்களை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்துப் பார்க்கிறான், இறக்குகிறான், மறுபடி தூக்குகிறான். நாலரைக்கெல்லாம் இருட்டிவிடும். விளக்கொளியில் சாம்பல் நிறம் ஏமாற்றும் என்று அவனுக்குத் தெரியும். அந்த இரண்டை மட்டும் காலைக்கென்று ஒதுக்கிவைக்கிறான்.

பின்கட்டில் ஓர் இளம்பெண், கூரையிலிருந்து பீப்பாயில் பிடித்த மழைநீரைச் சூடாக்குகிறாள். தீவே சுண்ணாம்புப் பாறை என்பதால் கிணற்று நீர் கடினநீர். சோப்பு திரிந்து இழையில் பிசுபிசுவென ஒட்டிக்கொள்ளும். கோடையில் நிலத்தடி நீருக்கும் இங்கே தட்டுப்பாடு. முதலில் கம்பளியைக் குளிர்ந்த மழைநீரில் ஊறவைக்கிறாள். அந்தத் தண்ணீர் காய்கறிப் பாத்திக்குப் போகிறது. அதில் கரைந்த ஆட்டின் வியர்வை உப்பில் பொட்டாசியம் உண்டு. பிறகு சுடுநீர். கம்பளியை உள்ளங்கையால் மெல்ல அமிழ்த்திவிட்டுக் கையை எடுத்துக்கொள்கிறாள். கலக்கினால் இழைகள் ஒன்றையொன்று பற்றிக் கட்டியாகிவிடும். ஆகவே சும்மா நிற்கிறாள். அந்தச் சும்மா நிற்பதுதான் கழுவலின் அருமையான பகுதி.

நான்காமவர் தாடிக்காரர். பூச்சி அரித்துத் திரும்பி வந்த பழைய போர்வையில் ஓட்டை அடைக்கிறார். நூலின் சாம்பல் கொஞ்சம் வேறு. மறைக்க முயலவில்லை.

இயற்கை நேசம் என்று இவர்களில் ஒருவரும் சொல்லிக் கேட்கவில்லை. சுவரில் காட்டுப் படமும் இல்லை. ஜன்னலுக்கு வெளியே பாறைமேல் மெல்லிய மண் போர்த்திய புல்வெளி. ஆடுகள் மேயாவிட்டால் ஜூனிப்பர் புதர் அதை மூடிவிடும். அங்கே பூக்கும் ஆர்க்கிடுகளும் போய்விடும். அந்த மேய்ச்சல் நிலைக்க ஆட்டு மயிருக்கும் ஒரு விலை வேண்டும். மேசையில் நடப்பது அந்த விலைக்கான வேலை. எனக்கு இதைவிட நேர்மையான நேசம் தெரியவில்லை.

காப்பி வேளையில் இளைஞன் மடிக்கணினியைத் திருப்பிக் காட்டுகிறான். தலைநகரக் கடை ஒன்று போர்வை கேட்டிருக்கிறது, இருக்கும் கம்பளியைப் போல மூன்று மடங்கு. “வெளிநாட்டு நூல் கலந்தால் கொடுத்துவிடலாம்” என்கிறான். அவன் குரலில் ஆசை தெரிகிறது. அதில் தப்பில்லை, வாடகையும் கரண்டு பில்லும் இருக்கின்றனவே. யாரும் அவனைக் கடிந்துகொள்ளவில்லை. தாடிக்காரர் ரொட்டியைப் பிட்டுப் பாதியை அவன் பக்கம் தள்ளுகிறார். அம்மையார்தான் கேட்கிறார்: “போர்வை அட்டையில் எந்தப் பண்ணையின் பெயரை எழுதுவது?”

சிறிது நேரம் கழித்து அவன் தட்டச்சு செய்து வாசிக்கிறான்: இந்த ஆண்டு இருப்பது இவ்வளவு, நிறம் ஆடுகளைப் பொறுத்தது, மீதி அடுத்த இலையுதிர்காலத்தில்.

“வசந்தக் கம்பளியையும் சேர்” என்கிறார் அம்மையார். குளிர்காலம் முழுக்க வைக்கோலில் கிடந்த ஆடுகளின் அழுக்கு மயிர் அது, நூலுக்கு ஆகாது. அதை அமுக்கித் தகடாக்கிப் பூட்சுக்குள் போடும் மெத்தை செய்கிறார்கள். அது எத்தனை ஜோடி கேட்டாலும் தரலாம். அவன் அந்த வரியையும் சேர்த்து, கால் அளவு கேட்டு அனுப்புகிறான்.