இருவேல்பட்டில் கணக்கெடுத்த காலம்

மல்லாட்டை பிடுங்கும் மாதத்தில்தான் கணக்கெடுப்பவர்கள் வந்தார்கள் என்று ஏனோ மனசில் பதிந்துபோயிருக்கிறது. பச்சைக் கொடியின் மண்வாசனையும், அட்டையில் செருகிய தாள்களோடு திண்ணையில் உட்கார்ந்த மெட்ராஸ் பிள்ளைகளும் எனக்கு ஒரே ஞாபகம். ஊர்க்காரர்களான நீங்களும் அப்போது களத்தில் காய் ஆய்ந்துகொண்டு இருந்திருப்பீர்கள்.

நம்ம இருவேல்பட்டுக்கு இந்தக் கணக்கெடுப்பு புதுசில்லை. சென்னைப் பல்கலைக்கழகத்துப் பொருளாதாரப் பேராசிரியர் கில்பர்ட் ஸ்லேட்டர் 1916-லேயே மாணவர்களிடம் கேள்விப் பட்டியலைக் கொடுத்துக் கிராமங்களைப் பற்றி எழுதச் சொன்னார். 1918-ல் வந்த புத்தகத்தில் நம்ம ஊரும் இருக்கிறது. 1936-37-ல் மறுபடி வந்தார்கள், 1961-ல் ஒருமுறை. நாம் பார்த்தது எண்பதுகளின் தொடக்கத்தில் வந்தவர்களை.

ஏர், கறவை, அண்டா, குண்டான் எதையும் விடமாட்டார்கள். கோழி எத்தனை என்று கேட்டதற்கு, "அடிச்சுத் தின்னதையும் சேத்தா?" என்றாள் எங்கள் ஆயா. தெருவே சிரித்தது.

ஒரு கேள்விக்கு மட்டும் யாரும் சிரிக்கவில்லை. பெத்தது எத்தனை, இருக்கிறது எத்தனை? முதல் எண்ணைச் சட்டென்று சொன்ன ஆயா, அடுத்ததற்கு விரல் மடக்க ஆரம்பித்தாள். வைசூரியில் ஒன்று, பேதியில் ஒன்று, பேர் வைப்பதற்கு முன்பே ஒன்று. எங்களுக்கே அன்றைக்குத்தான் தெரியும். எழுதிக்கொண்டிருந்த பெண் பேனாவை மூடிவிட்டு, ஆயா கொடுத்த மோரைக் குடித்தாள். அதற்குப் பிறகு அந்தப் பெண் எந்த வீட்டுக்குப் போனாலும் ஆயாவும் கூடவே போனாள், வழிகாட்டி மாதிரி.

ஆயா ஊர்ப் பண்ணையைப் பற்றிப் பேசினால், விடியற்காலையில் கிணற்றிலிருந்து கவலை இறைக்கும் பாட்டில்தான் தொடங்குவாள். மாடு பின்வாங்கும்போது ஒரு அடி, சால் மேலே வரும்போது ஒரு அடி. அந்தப் பழைய புத்தகத்தில் பாட்டு இல்லை. படியாட்கள் இருக்கிறார்கள்: கடனில் கட்டுண்டு, தலைமுறை தலைமுறையாக அதே பண்ணையில் உழைத்தவர்கள். கவலை ஓட்டிப் பாடியவர்களும் அவர்கள்தானே. ஆயா இதைச் சொன்னதில்லை. சேரிப் பக்கத்து ஆயாக்கள் சொல்லியிருப்பார்கள்.

2008-ல் வந்தவர்கள், பண்ணையின் பிடி தளர்ந்ததையும் ஆட்கள் வயலை விட்டு வெளி வேலைக்குப் போவதையும் எழுதினார்கள். அந்தப் பிடி போனதற்கு நான் அழமாட்டேன். ஆனால் வெல்லம் காய்ச்சும் வாசனை தெருமுனை வரை வந்த தை மாதமும், மலட்டாற்று மணலில் ஊற்றுத் தோண்டிக் குடித்த தண்ணீரும், யார் வந்தாலும் உட்காரச் சொன்ன அந்தத் திண்ணைகளும் எந்தப் பட்டியலில் ஏறின? திண்ணையை இடித்துக் கிரில் போட்டாயிற்று. அடுத்த முறை அட்டையும் தாளுமாக யாராவது வந்தால், நம்ம வீட்டுக்கு நேரே "பூட்டிய வீடு" என்று குறித்துவிட்டு அடுத்த வாசலுக்குப் போய்விடுவார்கள்.