அட்டனிலே தேயும் புள்ளி

கொழும்பிலிருந்து அவிசாவளை, கித்துல்கலை வழியாகக் கினிகத்தேனை ஏற்றத்தைக் கடந்து அட்டன் நகரை நோக்கிச் செல்பவர்க்கு, வழியிலேயே வெயில் விலகிக் குளிர் வந்து முகத்தைத் தடவும். கடல் மட்டத்துக்கு மேல் ஏறத்தாழ 1,270 மீற்றர் உயரத்திலே, நாற்புறமும் தேயிலைப் பசுமை சூழ அமைந்தது இந்நகர். 1884ஆம் ஆண்டிலே புகையிரதப் பாதை இங்கு வந்தெய்தியது முதல், சுற்றுத் தோட்டங்கள் பலவற்றுக்கும் இதுவே தலைவாசலாயிற்று. சிவனொளிபாத மலைக்குச் செல்லும் யாத்திரிகர்களும் இங்கே இறங்கியே மஸ்கெலியா வழி செல்வர்.

மலைநாட்டின் அருவிகளைப் பற்றி எழுதியோர் பலர். யாம் நேயர்களை இம்முறை அழைத்துச் செல்ல விரும்புவதோ கடைத்தெருவுக்கு. போட்டோப் பிரதி எடுத்தலும் விண்ணப்பம் அடித்துக் கொடுத்தலும் தொழிலாகக் கொண்ட சிறு கடைகள் அங்கே உள. அத்தகைய கடையொன்றில் கணினியின் விசைப்பலகையைச் சற்றே உற்று நோக்குங்கள். எழுத்துக்கள் பல மறைந்து, கட்டைகள் வழுவழுப்பாகி மினுங்கும். அவற்றுள்ளும் மிகத் தேய்ந்திருப்பது எது? ஆங்கிலத்தில் அரைப்புள்ளிக் குறி பொறித்த கட்டையே!

ஆங்கிலம் அடிப்பவர் அதனை அரிதாகவே தொடுவர். ஆனால் இலங்கையிலே பெரிதும் வழங்கும் பாமினி எழுத்துருவில், மெய்யெழுத்தின் தலையில் நிற்கும் புள்ளிக்கு உரிய இடம் அதுவேயாகும். புள்ளியின்றித் தமிழ் நடவாது. ‘விண்ணப்பம்’ என்னும் சொல்லில் மூன்று புள்ளிகள். ‘பிறப்புச் சான்றிதழ்’ என்பதில் நான்கு. ஒரு பக்கத்துக்கு 200 சொற்கள், சொல்லுக்கு ஒரு புள்ளி என்று குறைத்தே கணக்கிட்டாலும், நாளொன்றுக்கு 25 பக்கம் அடிப்பவர் அக்கட்டையை 5,000 முறை அழுத்துகின்றார். ஆண்டில் 300 நாள் எனின் 15 இலட்சம் முறை. மலிவான பலகைகளின் கட்டைகள் 50 இலட்சம் முதல் ஒரு கோடி அழுத்தம் வரை தாங்கும் என்பது பொதுவான மதிப்பு. ஆகவே நான்காம் ஆண்டிலே புள்ளி தளர்ந்துவிடுதல் வியப்பன்று.

இவ்வமைப்பு நேற்றுப் பிறந்ததன்று. யாழ்ப்பாணத்துச் சுண்டிக்குளியில் 1886இல் பிறந்து, மலாயா நாடு சென்று வாழ்ந்த ரா. முத்தையா அவர்கள் தமிழ்த் தட்டெழுத்துப் பொறிக்கு வகுத்த வழியே பிற்காலத்தார்க்கு அடிப்படையாயிற்று. தட்டெழுத்துப் பயின்றவர் மறவாத ‘யளனக’ வரிசையைப் பாமினியிலும் காணலாம். இரும்புப் பொறியில் தேய்ந்தது அச்செழுத்து; கணினியில் தேய்வது கட்டையின் மேற்பூச்சும், அதன் கீழுள்ள இறப்பர்க் குமிழும். விரலின் வியர்வையும் எண்ணெய்ப் பசையும் பூச்சை அரிக்க, மலைநாட்டு ஈரப்பதன் உள்ளிருக்கும் மின்தடங்களைப் பழுதாக்கும்.

ஒரு புள்ளிதானே என எண்ணிவிடலாகாது. அன்று அக்கடைக்கு வந்திருந்த மூதாட்டி ஒருவர், தாளைக் கையில் வாங்கியதும், “பேரு சரியா வந்திருக்கா புள்ள?” என்று கேட்டார். “வந்திருக்கு பாட்டி, பாருங்க” என்றாள் அடித்துக் கொடுத்த பெண். முத்தம்மாள் என்னும் பெயர் புள்ளிகளை இழந்தால் ‘முததமமாள’ என்றாகும். இம்மக்களின் வரலாற்றை அறிந்தார்க்கு அக்கேள்வியின் கனம் விளங்கும். 1948ஆம் ஆண்டின் குடியுரிமைச் சட்டம் இவர்களுட் பெரும்பாலோரை நாடற்றவராக்கிற்று. 1964இல் கைச்சாத்தான சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தம் 525,000 பேரை இந்தியாவுக்கும் 300,000 பேரை இலங்கைக்கும் எனப் பங்கிட்டது. 2003ஆம் ஆண்டின் சட்டமே, 1964 ஒக்டோபர் 30 முதல் இங்கு நிரந்தரமாக வாழ்ந்துவந்த இந்திய வம்சாவளியினர்க்கும் அவர்தம் வழித்தோன்றல்களுக்கும் குடியுரிமை வழங்கியது. தலைமுறை தலைமுறையாகக் கடதாசியால் அலைக்கழிந்தவர்க்குத் தம் பெயரின் ஒவ்வொரு புள்ளியும் உயிர்நிலையன்றோ?

ஆகவே பலகையைப் பேணுதல் இத்தொழிலில் ஒரு கடமை. வாரந்தோறும் அதனைக் கணினியிலிருந்து கழற்றிக் கவிழ்த்துத் தட்டி, மென்தூரிகையாற் தூசு போக்குக. கட்டைகளை மெல்ல நெம்பியெடுத்துச் சவர்க்கார நீரிற் கழுவலாம். ஆனால் மழைக்காலத்து மலைநாட்டிலே அவை முற்றும் உலர ஓரிரு நாள் பிடிக்குமாதலின், பொறுமை வேண்டும். குமிழ்கள் தனித்தனியே அமைந்த பலகையாயின், அரிதாகப் பயன்படும் கட்டையின் குமிழை எடுத்துப் புள்ளிக் கட்டைக்கு மாற்றி வைத்தல் நல்ல சிக்கனம். ஒரே விரிப்பாக அமைந்ததாயின் அது இயலாது. மடிக்கணினி வைத்திருப்போர் மலிவான வெளிப்பலகை ஒன்றை இணைத்துக் கொள்ளுதல் நன்று. மடிக்கணினியின் பலகை பழுதுற்றால் அதனை மாற்றும் செலவு பன்மடங்காகும்.

உதவாத பலகையை ஓடையிலே எறிதல் மட்டும் ஆகாது. இம்மலைகளிற் பொழியும் நீரே மகாவலியாகவும் களனியாகவும் பெருகி நாட்டுக்கு உணவளிக்கின்றது.

1987ஆம் ஆண்டின் 13ஆவது அரசியலமைப்புத் திருத்தம் தமிழையும் அரசகரும மொழியாக்கியது. அவ்வுரிமை ஏட்டோடு நில்லாது அலுவலக மேசை வரை செல்வதற்கு, கடைத்தெருவில் ஒருவர் அமர்ந்து தமிழில் அடித்துக் கொடுக்க வேண்டியிருக்கின்றது. அட்டன் செல்லும் அன்பர்கள் அருவிகளைக் கண்டு மகிழ்க. அப்படியே அக்கடைகளுள் ஒன்றின் வாயிலிலும் சிறிது நேரம் நிற்க. தேய்ந்து மினுங்கும் அச்சிறு கட்டை, ஓர் இனம் தன் பெயரைத் திருத்தமாக எழுதுவிக்க எத்தனை முறை முயன்றது என்பதற்குச் சான்றாய் விளங்கும்.