கலங்கல் தாண்டினால்...

ஏரி நகரம் என்றால் உதய்ப்பூரைச் சொல்கிறார்கள், போபாலைச் சொல்கிறார்கள். சேலையூர், செம்பாக்கம், சிட்லபாக்கம், மாடம்பாக்கம், பீர்க்கன்காரணை என்று தெருவுக்குத் தெரு ஏரி வைத்திருக்கும் தாம்பரத்தை யாராவது சொல்கிறார்களா?

வந்து சேர்ந்தவர்களின் ஊர் இது. 1928-ல் காசநோய்க்காரர்கள் நல்ல காற்றுக்காக சானடோரியத்துக்கு வந்தார்கள். 1931-ல் பீச்சிலிருந்து மின்சார ரயில் வந்தது. 1937-ல் கிறிஸ்தவக் கல்லூரி பாரிமுனையை விட்டு சேலையூர்க் காட்டுக்குக் குடிவந்தது. அப்புறம் விமானப்படை, மெப்ஸ், ஐ.டி. கேம்ப் ரோடு சிக்னலில் பத்து நிமிஷம் நின்றால் (நிற்காமல் எங்கே போவீர்கள்?) இந்தி, மலையாளம், ஒடியா, மணிப்புரி எல்லாம் காதில் விழும். யாரும் திரும்பிப் பார்ப்பதில்லை. எனக்கு இந்த ஊரில் ரொம்பப் பிடித்த விஷயம் அது.

ஆனால் வந்தவர்களுக்கு யாரும் தண்ணீரின் வழியைச் சொல்லித் தரவில்லை. செம்பாக்கத்தில் ஒரு பெரியவரிடம் விசாரித்தேன்.

"சேலையூர் ரொம்பினா ராஜகீழ்ப்பாக்கம் தம்பி. அது ரொம்பினா நமக்கு. நம்ம கலங்கல் தாண்டினா நன்மங்கலம், கீழ்க்கட்டளை, நாராயணபுரம், கடைசில பள்ளிக்கரணை. மேல இருக்கறவன் கலங்கலை ஒசத்தினா கீழ இருக்கறவன் காயணும். அதுக்கே சண்டை வரும்."

வயல் இருந்தவரை ஏரி நிறைந்திருக்க வேண்டும் என்று சண்டை. வயலெல்லாம் பிளாட் ஆன பிறகு, ஐயோ, நிறைந்துவிடப் போகிறதே என்று பயம். இடையிலிருந்த கால்வாய்களில் பாதி காம்பவுண்டுச் சுவருக்குள் போய்விட்டது. மிச்சத்தில் சாக்கடை. மேற்குத் தாம்பரத்துத் தண்ணீருக்கு வேறு வழி, அடையாறு. 2015 டிசம்பரில் அது முடிச்சூருக்குள் புகுந்தபோது தெருவில் படகு விட்டார்கள்.

செம்பாக்கம் ஏரியையும் சிட்லபாக்கம் ஏரியையும் தூர்வாரி, கரை கட்டியிருக்கிறார்கள். நல்ல காரியம். 2022-ல் பள்ளிக்கரணைக்கு ராம்சார் அந்தஸ்தும் கிடைத்தது. கடைசி ஸ்டேஷனுக்குப் பெயின்ட் அடித்தாயிற்று, நடுவில் தண்டவாளம்? இந்தச் சங்கிலியின் தலை 2021-ல் பிறந்த தாம்பரம் மாநகராட்சியில், வால் சென்னை மாநகராட்சியில். தண்ணீருக்கு இந்த எல்லை தெரியாது, ஃபைலுக்கு நன்றாகத் தெரியும்.

அடுத்த மழையில் ஒன்று செய்யுங்கள். குடையோடு வாசலில் நின்று, உங்கள் தெருத் தண்ணீர் எந்தப் பக்கம் ஓடுகிறது, எந்த ஏரிக்கு என்று பாருங்கள். எதிர் ஃபிளாட் ஒடியாக்காரரையும் கூப்பிட்டுக் கொள்ளுங்கள், அவர் வீட்டு வழியாகத்தான் போகிறது.