எலி மேல் பழி

"டி-டுங்" என்று ஒரு சத்தம். திரையில் ஓடிக்கொண்டிருந்த அம்புக்குறி அப்படியே நின்றுவிடும். இரண்டு விநாடி கழித்து "டு-டிங்" என்று மறுபடி ஒரு சத்தம், அம்புக்குறிக்கு உயிர் வரும். பிராஜெக்ட் ரிப்போர்ட்டில் இன்னும் நாலு பக்கம் பாக்கி இருக்கும் ராத்திரியில்தான் இதெல்லாம் நடக்கும்! மவுஸை மேஜையில் இரண்டு தட்டு தட்டிவிட்டு, "செத்துப்போச்சு" என்று தீர்ப்பு எழுதி, மறுநாள் கையில் இருக்கும் மெஸ் காசைப் போட்டுப் புதிது வாங்கி வந்தால்... அதுவும் "டி-டுங்" என்கிறது.

மவுஸ் துண்டிக்கப்படுவதற்கு மவுஸ்தான் காரணம் என்று இல்லை. வயர், போர்ட், கணினியின் மின்சேமிப்பு, பக்கத்தில் செருகியிருக்கும் ஹார்ட் டிஸ்க் என்று சந்தேகப் பட்டியலில் நாலைந்து பேர் உண்டு. விசாரிக்காமலே எலி மேல் பழி போடுவதால்தான் காசு போகிறது.

விசாரணைக்கு ஒரே விதி: ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்ற வேண்டும். போர்ட்டையும் மாற்றி, டிரைவரையும் அழித்து, ரீஸ்டார்ட்டும் செய்தால், சரியானாலும் எதனால் சரியானது என்று தெரியாது.

முதல் வேலை, அதே மவுஸை நண்பனின் கணினியில் செருகிப் பத்து நிமிடம் ஓட்டுவது. அங்கேயும் துண்டித்தால் மவுஸ் மேல் சந்தேகம் வலுக்கிறது. அங்கே ஒழுங்காக ஓடினால் கணினிப் பக்கம் தேட வேண்டும்.

வயர் மவுஸ் என்றால் வயரின் கழுத்தைப் பார்க்கலாம். 1960களில் டக்ளஸ் எங்கல்பார்ட் குழுவினர் செய்த மரப்பெட்டிக்கு, வயர் வால் போலத் தெரிந்ததால்தான் மவுஸ் என்று பெயர் வந்தது என்பார்கள். இன்றைக்கும் நோய் பெரும்பாலும் வாலில்தான்! சாதாரண யுஎஸ்பி மவுஸின் வயருக்குள் நான்கு மெல்லிய கம்பிகள்: இரண்டு மின்சாரத்துக்கு, இரண்டு தகவலுக்கு. வயர் மவுஸுக்குள் நுழையும் இடம் தினமும் வளைந்து வளைந்து உள்ளே கம்பி அறுந்துவிடும். அந்த இடத்தை மெதுவாக வளைத்துப் பார்த்தால், ஒரே கோணத்தில் ஒவ்வொரு முறையும் அம்புக்குறி சாகும். குற்றவாளி அகப்பட்டாயிற்று.

அடுத்து ஹப். யுஎஸ்பி 2.0 போர்ட் ஒன்று 5 வோல்ட்டில் 500 மில்லி ஆம்பியர் தரும். தனி மின்சாரம் இல்லாத ஹப் அதையேதான் எல்லோருக்கும் பங்கு போடுகிறது. ஹார்ட் டிஸ்க் சுழலத் தொடங்கினால் மவுஸுக்குப் பங்கு குறையலாம். ஹப்பை விட்டுவிட்டு நேராகக் கணினியில் செருகினால் தெரிந்துவிடும். டெஸ்க்டாப்பில் மதர்போர்டோடு ஒட்டியிருக்கும் பின்பக்க போர்ட் நல்லது.

கொஞ்ச நேரம் தொடாமல் விட்டால் மட்டும் தூங்கிவிடுகிறதா? அப்படியானால் விண்டோஸின் சிக்கனத்தைச் சந்தேகிக்கலாம். டிவைஸ் மேனேஜரில் 'யுஎஸ்பி ரூட் ஹப்' என்பதைத் திறந்து, பவர் மேனேஜ்மென்ட் பகுதியில் மின்சாரத்தைச் சேமிக்க இந்தச் சாதனத்தை அணைக்கலாம் என்ற டிக்கை எடுத்துவிட வேண்டும். ஓட்டிக்கொண்டிருக்கும்போதே துண்டித்தால் இது காரணமாக இருக்க வாய்ப்பு குறைவு.

வயர்லெஸ் மவுஸின் கதை வேறு. முதலில் பேட்டரியை மாற்றிப் பார்க்க வேண்டும். அதிலும் தீராவிட்டால் அக்கம்பக்கத்தைப் பார்க்கலாம். ரிசீவர் வைத்த மவுஸ்கள் பெரும்பாலும் 2.4 ஜிகாஹெர்ட்ஸ் அலைவரிசையில் பேசுகின்றன. வைஃபையும் ப்ளூடூத்தும் அதே தெருவில்தான் குடியிருக்கின்றன. போதாதற்கு யுஎஸ்பி 3.0 சாதனங்களும் வயர்களும் அதே பகுதியில் இரைச்சல் கிளப்பும் என்று இன்டெல் நிறுவனமே 2012இல் ஓர் அறிக்கையில் விளக்கியது. ஹார்ட் டிஸ்க்கில் சினிமா காப்பி ஆகும்போது மட்டும் மவுஸ் திக்கினால் காரணம் இதுவாக இருக்கலாம். ஒரு சின்ன எக்ஸ்டென்ஷன் வயரில் ரிசீவரைச் செருகி, ஹார்ட் டிஸ்க்கை விட்டுத் தள்ளி, மவுஸுக்குப் பக்கத்தில் வைத்தால் போதும். வயர் மவுஸுக்கு நல்லதாக இருந்த பின்பக்க போர்ட், கணினிப் பெட்டியே மறைத்துவிடுவதால், இதற்கு ஆகாது.

இத்தனையும் நள்ளிரவில் செய்து பார்க்க நேரம் இருக்காது. மவுஸ் செத்த நொடியில் செய்ய வேண்டியது கண்ட்ரோல்-எஸ். பிறகு விண்டோஸில் இடது ஆல்ட், இடது ஷிஃப்ட், நம்லாக் மூன்றையும் சேர்த்து அழுத்தி, வரும் கேள்விக்கு என்டர் தட்டினால், வலப்பக்க எண் விசைகளே அம்புக்குறியை நகர்த்தும். ரிப்போர்ட்டை அதிலேயே முடித்துவிடலாம்.

விசாரணை எல்லாம் விடிந்த பிறகு. இரண்டு மூன்று கணினிகளில் போட்டும் அதே மவுஸ் செத்தால், அப்போது தாராளமாகக் கடைக்குப் போகலாம்.