அவ்வாவுக்குச் சொன்ன கதை

எங்க வீட்டுல பேசுறது தெலுங்கு. நான் பள்ளிக்கூடத்துல படிச்சது தமிழ். சின்ன வயசுல அப்பா சந்தைக்குத் தக்காளி போட்டுட்டு, ஓசூர்ல 'அம்புலிமாமா' வாங்கிட்டு வருவார். 1947-ல தெலுங்குலயும் தமிழ்லயும் ஒண்ணா தொடங்கின பத்திரிகை அது. நான் தமிழ்ல படிச்சு, எழுத்துத் தெரியாத அவ்வாவுக்குத் தெலுங்குல சொல்லுவேன். வேதாளம் கேள்வி கேட்டா, விக்கிரமாதித்தனுக்கு முன்னாடி அவ்வா பதில் சொல்லிடும்.

ஒரு வறட்சி வருசம் அந்தக் கட்டைப் பழைய பேப்பர்காரருக்குப் போட்டேன். இன்னும் உறுத்துது.

இப்ப அரசுப் பள்ளியில வாசிப்பு இயக்கம் நடக்குது. நுழை, நட, ஓடு, பறன்னு புத்தகங்களைப் படிப்படியா பிரிச்சிருக்காங்க. பேத்தி 'நட' படியில இருக்கா. நேத்து அங்க படிச்ச கதையை என் மனைவிகிட்ட தெலுங்குல சொல்லிக்கிட்டிருந்தா. கெலவரப்பள்ளி வாய்க்கால் தண்ணி பாத்தி நிறைஞ்சு வழிஞ்சது, நான் எழுந்திரிக்கல.

உங்க வீட்டுப் பரண்ல பழைய அம்புலிமாமா இருந்தா, எடைக்குப் போட்டுடாதீங்க.