இளங்குளிரும் கரித் தூரிகையும்

வடஇத்தாலியின் போ ஆற்றுச் சமவெளியில், பெரும்பாலான ஊர்களுக்குச் சட்டம் வகுத்திருக்கும் சூடேற்றும் பருவம் அக்டோபர் 15 முதல் ஏப்ரல் 15 வரை. அதன் இரு முனைகளிலும் இளங்குளிர்தான். அங்கே ஃபுமிஸ்தா என்று அழைக்கப்படும் அடுப்புத் தொழிலாளிகளின் வேலையைக் கவனிக்கும்போது, பெல்லட் அடுப்புக்குக் கடினமான சோதனை இந்த வாரங்களில்தான் என்று தெரிகிறது. அப்போது எரிபொருளை மிச்சப்படுத்துவது பெரும்பாலும் அவர்களுடைய கைவேலையே என்பது என் முடிவு.

மரத்தூளை அழுத்திச் செய்த 6 மி.மீ. கனமுள்ள குச்சிகளே பெல்லட். திருகுத்தண்டு ஒன்று அவற்றைக் கொஞ்சம் கொஞ்சமாக எரிகலத்தில் தள்ளும், மின்கம்பி பற்றவைக்கும், விசிறி புகையை வெளியே இழுக்கும். நல்ல பெல்லட் கிலோவுக்குச் சுமார் 4.8 கிலோவாட் மணி வெப்பம் தரும். 8 கிலோவாட் அடுப்பை முழு வேகத்தில் ஓட்டினால் 15 கிலோ மூட்டை ஏறக்குறைய எட்டு மணி நேரத்தில் தீரும், 2.5 கிலோவாட்டுக்குக் குறைத்தால் ஒரு நாளைத் தாண்டும். இளங்குளிரில் வீட்டுக்கு அதுகூட மிகுதியாகிவிடும். அறை சூடானதும் அடுப்பு அணைகிறது, ஆறியதும் மறுபடி பற்றுகிறது. ஒவ்வொரு முறையும் மின்கம்பி சில நிமிடங்களுக்குச் சில நூறு வாட் இழுக்கிறது; தீ பிடிக்கும்வரை எரியாத வாயு புகையாக வீணாகிறது; அணைந்த பின்னும் விசிறி ஓடி, மிச்சச் சூட்டில் ஒரு பங்கைக் குழாய் வழியே தள்ளிவிடுகிறது. ஆகவே அடிக்கடி பற்றவைப்பதைவிட, காலையும் மாலையும் சிறு தீயில் நீண்ட நேரம் எரியவிட்டு, சுவர்கள் வாங்கிவைத்த சூட்டில் மீதிப் பொழுதை ஓட்டுவதே மேல். தெர்மோஸ்டாட்டில் பற்றும் அளவுக்கும் அணையும் அளவுக்கும் நடுவே ஓரிரண்டு டிகிரி இடைவெளி விட்டாலே இது பெருமளவு கைகூடும்.

சிறு தீ அடுப்பைக் கெடுக்கும் என்று மறுப்பவர்கள் உண்டு. அதில் பாதி உண்மை. பல அடுப்புகளில் குறைந்த வேகத்தில் புகை சூடு குறைந்து வெளியேறுவதால், தயாரிப்பாளர் தரும் செயல்திறன் எண் சற்றுக் கூடவே இருக்கும். ஆனால் எரிதல் முழுமையடையாது. கார்பன் மோனாக்சைடு கூடும், கண்ணாடி கறுக்கும், வெப்பத்தை அறைக்கு மாற்றும் குழாய்களில் கரி படியும். கரி வெப்பத்தை எளிதில் கடத்தாது. படியப் படிய அந்த நல்ல எண் காகிதத்தோடு நின்றுவிடும். தொழிலாளியின் வேலை இங்கேதான் தொடங்குகிறது. எரிகலத்தின் துளைகளை அடைத்த கட்டியைக் குத்தி எடுக்கிறார், குழாய்களைச் சுரண்டுகிறார், விசிறி இதழ்களைத் தூரிகையால் துடைக்கிறார், புகைக்குழாயின் அடியில் சேர்ந்த சாம்பலை உறிஞ்சுகிறார், கதவின் கயிற்றுப்பட்டை இறுக்கமாக இருக்கிறதா என்று பார்க்கிறார், கடைசியில் அளவுமானியைச் செருகிப் புகையைச் சோதிக்கிறார். துளை அடைபட்டால் காற்று போதாது, கதவு கசிந்தால் வேண்டாத காற்று புகும். இரண்டையும் பொத்தானை அழுத்திச் சரிசெய்ய முடியாது.

தானாகச் சாம்பல் தட்டும் அடுப்புகளும் காற்றை அளக்கும் உணரிகளும் வந்துவிட்டன, ஆள் எதற்கு என்றும் கேட்கலாம். அவை எரிகலத்தைப் பார்த்துக்கொள்ளும், புகைக்குழாய்க்குள் போகமாட்டா. பியட்மான்டின் விஜெட்ஸோ பள்ளத்தாக்கிலிருந்து சிறுவர்களை அழைத்துப்போய்ப் புகைக்கூண்டுக்குள் ஏற்றிய கொடுமை ஒழிந்தது. சாந்தா மரியா மஜ்ஜோரே ஊரில் அதற்கொரு அருங்காட்சியகமே இருக்கிறது. கரியை மனிதக் கை எடுக்கவேண்டிய தேவை மட்டும் ஒழியவில்லை. செலவைச் சொல்பவர்களுக்கு என் பதில் வேறு: பல அடுப்புகள் எரிந்த மணிகளை எண்ணியே பராமரிப்பை நினைவூட்டுகின்றன. கரி சேர்க்கும் சிறு தீ மணியும் சுத்தமாக எரிந்த மணியும் அந்தக் கணக்கில் ஒன்றே. மாறவேண்டியது அந்தக் கணக்கு. குறையவேண்டியது தொழிலாளியின் கூலி அல்ல. காற்று எளிதில் கலையாத அந்தச் சமவெளியில் ஒரு வீட்டின் புகை அடுத்த வீட்டையும் சேர்கிறது. 2017-இல் அடுப்புகளுக்கு ஒன்று முதல் ஐந்து நட்சத்திரம் வரை தரம் பிரித்தது அரசு. அந்த நட்சத்திரம் புது அடுப்பின் அளவு.

இத்தகைய அடுப்பு வைத்திருப்பவர்கள் ஆறிய எரிகலத்தை ஒவ்வொரு முறை பற்றவைக்குமுன்னும் தட்டிவிடுங்கள். தொழிலாளியைக் குளிர் இறங்கும்வரை காத்திராமல் செப்டம்பரிலேயே அழையுங்கள்.