யாம் எழுதப் புகுந்த காதற்கதை

காதற்கதை எழுதப் புகுவார்க்கு முதற்கண் வேண்டுவது காதலனுபவமே என்று கருதுவார் பலர். யாமும் ஒருகால் அவ்வாறே கருதி, அவ்வனுபவம் எமக்கில்லாமையை எண்ணி வருந்தியதுண்டு. ஆயினும் இரண்டாண்டுகளாக ஒரு நாவலை எழுதியும் அழித்தும் மறுபடி எழுதியும் வந்ததன் பயனாக, அதற்கு வேண்டுவது பிறிதொன்று என்பதை ஒருவாறு உணர்ந்தோம். உணர்த்தியவர் எம் விடுதியிற் பயின்ற தோழியார் ஒருவர். அவ்வரலாற்றை, அதிற் சம்பந்தப்பட்டோர் இசைவு பெற்று, ஈண்டுச் சுருக்கி உரைக்கின்றோம்.

கல்லூரியில் யாம் சேர்ந்த காலத்தே எம் பெட்டியின் அடியில், துணிகளுக்குக் கீழே, நீல அட்டையிட்ட ஏடு ஒன்று இருந்தது. அதன் முதற்பக்கத்தில் நாவலின் பெயரும் எமது புனைபெயரும் அழகுற எழுதப்பட்டிருந்தன. புனைபெயரைத் தெரிந்தெடுக்க மூன்று வாரம் சென்றது. முதலதிகாரத்தை எழுதி முடிக்க மூன்று நாளே சென்றன. இதனால் அக்கதையின் தகுதி எத்தகையது என்பது அன்பர்கட்கு எளிதில் விளங்கும். கதைத்தலைவி செல்வர் ஒருவரின் ஏகபுத்திரி, மதிமுகத்தாள், சிரித்தாலும் முத்து உதிரும், அழுதாலும் முத்து உதிரும். கோடைக்கானலின் மூடுபனியை ஒன்பது பக்கம் வருணித்திருந்தோம். கோடைக்கானலை யாம் கண்டதில்லை. அப்பனியினூடே தலைவன் குதிரைமீது வந்தான். எங்கிருந்து வந்தான், எதற்கு வந்தான் என்பவற்றை யாம் ஆராயவில்லை.

இவ்வேட்டை ஒருவர்க்கும் காட்டாது மறைத்தமைக்குக் காரணம் நாணமே. ஒரு பெண் கவிதை எழுதினாற் புகழ்வார்; வியாசம் எழுதினாற் பரிசளிப்பார்; காதற்கதை எழுதினாலோ, இவள் மனத்தில் யார் இருக்கின்றார் என்று தம்முள் வினவுவார். எம் மனத்தில் ஒருவரும் இலர் என்பதே உண்மை. அதனை வெளியிடுவது பின்னும் பெரிய நாணமாய்த் தோன்றிற்று.

ஆவணித் திங்களில் ஓரிரவு இடியும் மழையுமாக இருந்தது, மின்விளக்குகள் அவிந்துபோயின. யாம் மெழுகுவர்த்தி ஏற்றி எழுதிக்கொண்டிருந்தபோது, அடுத்த அறையிலிருந்த மூன்றாமாண்டு மாணவியார் தீப்பெட்டி கேட்டு வந்தார். கணித வகுப்பினர், தென்குமரிப் பகுதியினர், அதிகம் பேசாதவர்.

“என்ன எழுதுகின்றாய்?” என்றார்.

“கணக்கு, அக்கா” என்றோம்.

“கணக்கானால் நானன்றோ பார்க்கவேண்டும்? கொடு” என்று ஏட்டை வாங்கிக்கொண்டு எம் கட்டிலின்மேல் அமர்ந்தார்.

மெழுகுவர்த்தி விரலளவு குறையுமட்டும் அவர் படித்தார். நகைக்கவில்லை, புகழவுமில்லை. இறுதியில் ஏட்டை மூடி, “இவளுக்குக் காலையில் எழுந்தவுடன் என்ன வேலை?” என்று வினவினார். யாம் விடையறியாது விழித்தோம். “காலையிற் செய்வதற்கு ஒன்றுமில்லாதவளுக்கு மாலையிற் காதல் வந்தால் அதில் என்ன வியப்பு? வேலை செய்கிறவளுக்கு அது வரட்டும். அவளுக்கு அதற்குப் பொழுது எப்படிக் கிடைத்தது என்றறிய நானும் படிப்பேன்” என்று கூறித் தீப்பெட்டியை எடுத்துக்கொண்டு சென்றார்.

அன்றிரவு யாம் உறங்கவில்லை. முதலில் சினம் மூண்டது. விடியுமுன் அது தணிந்து, அவர் கூற்று மெய் என்னும் எண்ணம் எஞ்சிற்று.

நிற்க. அவ்வாண்டு எமக்குப் பாடநூலாக அமைந்திருந்தது, சார்லட் பிராண்டி அம்மையார் 1847இல் வெளியிட்ட ‘ஜேன் அயர்’ என்னும் நாவல். பாடநூல் என்பதனாலேயே அதனை வெறுத்திருந்தோம். தோழியார் தூண்ட, எலிசபெத் காஸ்கெல் அம்மையார் 1857இல் எழுதிய சார்லட்டின் வாழ்க்கை வரலாற்றை நூல்நிலையத்தினின்றும் எடுத்துவந்து இருவரும் சேர்ந்து படித்தோம். இங்கிலாந்தின் வடபாலுள்ள யார்க்ஷயரில் ஹாவொர்த் என்னும் ஊரில், குருவானவர் இல்லத்தில் சார்லட், எமிலி, ஆன் என்னும் சகோதரியர் மூவர் வாழ்ந்தனர். தந்தையார் இரவு ஒன்பது மணிக்கு உறங்கச் சென்றபின், அவர்கள் உண்ணும் அறையின் மேசையைச் சுற்றிச்சுற்றி நடந்துகொண்டே தத்தம் கதைகளைச் சொல்லியும், படித்துக்காட்டியும், ஒருவர் குற்றத்தை ஒருவர் எடுத்துரைத்தும் வந்தனர். 1846இல் அம்மூவரும் புனைபெயர் பூண்டு வெளியிட்ட கவிதை நூலில் முதற்கண் விற்றவை இரண்டே படிகள். அதனால் அவர்கள் சோர்ந்தாரல்லர். 1847ஆம் ஆண்டு முடிவதற்குள் மூவருடைய நாவல்களும் அச்சேறிவிட்டன. கதைத்தலைவி அழகியாக இருந்தாலன்றிப் படிப்பார் விரும்பார் என்று தங்கையர் வாதிட்டபோது, தம்மைப்போலவே சிறிய உருவமும் எளிய தோற்றமும் உடைய ஒருத்தியைத் தலைவியாக்கிக் காட்டுவதாகச் சார்லட் கூறினாராம். அவ்வாறு பிறந்தவளே ஜேன். அவள் ஓர் ஆசிரியை. காலையில் அவளுக்கு வேலை உண்டு.

இதனைப் படித்த மறுநாள் முதல், இரவுணவுக்கும் படிப்பு மணிக்கும் இடையிலுள்ள அரைமணி நேரத்தில், விடுதி முற்றத்து வேப்பமரத்தைச் சுற்றி யாமிருவரும் நடக்கத் தொடங்கினோம். யாம் கதை சொல்வோம், அவர் கேட்பார். பொய்யான இடம் வந்தால் அவர் நடை நின்றுவிடும். அதுவே எமக்குத் திறனாய்வு.

அந்நாட்களிற் கண்ட மற்றொரு செய்தியும் எமக்கு ஊக்கம் அளித்தது. உடல்நலம் குன்றியமையால் மருத்துவப் படிப்பைக் கைவிட்ட கிருபாபாய் சத்தியநாதன் அம்மையார் ஆங்கிலத்தில் எழுதிய ‘சகுணா’ என்னும் நாவல், 1887, 1888ஆம் ஆண்டுகளில் சென்னைக் கிறிஸ்தவக் கல்லூரியின் இதழிலேயே பகுதி பகுதியாக வெளிவந்ததாம். அவ்வம்மையார் 1894இல் இளவயதிலேயே மறைந்தார். கல்லூரி இதழொன்றில் ஒரு பெண்ணின் கதை இடம்பெற்றதை அறிந்த அன்று, எம் நீல ஏடு பெட்டியின் அடியினின்றும் மேசையின்மேல் ஏறிற்று.

ஒருநாள் மரத்தடியில் தோழியார் தம் சித்தியாரைப் பற்றிக் கூறினார். சித்தியார் ரேந்தை பின்னுபவர். இலண்டன் மிஷன் சங்கத்துச் சார்லஸ் மால்ட் ஐயரின் மனைவியார் மார்த்தா அம்மையார், 1820ஐ ஒட்டிய ஆண்டுகளில் நாகர்கோவிற் பெண்களுக்கு இத்தொழிலைக் கற்பித்தார். அவர் மகளார் எலைசா 1844இல் கால்டுவெல் ஐயரை மணந்து, இடையன்குடிப் பெண்களிடையேயும் இதனைப் பரப்பினார். திண்டுபோன்ற தலையணையின்மேல் துளையிட்ட படிவத்தாளைப் பொருத்தி, நூல் சுற்றிய சிறு கட்டைகளை இருகையாலும் மாற்றி மாற்றி இட்டு, ஊசி நட்டு, இழையிழையாகப் பின்னும் தொழில் அது. எண்ணிக்கை ஒன்று தவறினால் பூ உருக்குலைந்துவிடும்.

சித்தியாருக்கு இளமையில் ஒருவருடன் மணம் பேசப்பட்டது. இருவரும் ஒருவரையொருவர் விரும்பியிருந்தனர். நகையளவு பற்றி வீட்டார் உடன்படாமையால் பேச்சு முறிந்தது. சில திங்களில் அவர் வேறிடத்தில் மணஞ்செய்துகொண்டார். சித்தியார் பின்னர் மணம்புரியவில்லை. இவ்வளவே கதை.

யாம் உடனே இதனை ஆறாம் அதிகாரமாக எழுதினோம். தலைவியை ஆறிடத்தில் அழவைத்தோம். வேப்பமரத்தடியில் தோழியாரின் நடை நின்றது. “சித்தி அழவில்லை. செய்தி வந்த அன்று ஒரு சாண் அளவு பின்னியிருந்த ரேந்தையைப் பிரித்தார். ஏன் பிரிக்கிறாய் என்று பாட்டி கேட்டதற்கு, எண்ணிக்கை தவறிவிட்டது என்றார். அந்த ஒரு சாணையும் மறுபடி பின்னி முடித்த பிறகே உணவுண்டார்” என்றார். யாம் அறைக்குச் சென்று அழுகை ஆறையும் நீக்கி, அந்த ஒரு சாண் ரேந்தையை எழுதினோம். எம் வாழ்நாளில் எழுதிய முதல் மெய்யான பக்கம் அதுவே. அதனைக் கேட்டு மனமிளகிய தோழியார், பிற்காலத்தே சித்தியார் வாழ்வில் நிகழ்ந்த மற்றொரு செய்தியையும் எமக்குச் சொன்னார். அதிகாரத்தின் முடிவில் அதனையும் அமைத்தோம்.

இனி எம் குற்றத்தைக் கூறவேண்டும். கார்த்திகைத் திங்கட் கடைசியில் விடுதியில் இலக்கியக் கூட்டம் நடந்தது. புகழாசை பிடர்பிடித்துத் தள்ள, தோழியாரைக் கேளாமலே அவ்வதிகாரத்தை அங்குப் படித்தோம். கைதட்டல் பெரிதாயிருந்தது. கூட்டம் கலையும்போது அவரூர்ப் பக்கத்து மாணவியர் இருவர் தம்முள் ஏதோ பேசி, தோழியாரைத் திரும்பிப் பார்த்தனர். பெயரையும் ஊரையும் மாற்றியிருந்தும், அந்த இறுதிச் செய்தியால் ஆளை அறிந்துகொண்டனர். தோழியார் எம்மை ஒன்றும் கடியவில்லை. மறுநாள் இரவு வேப்பமரத்தடிக்கு வரவில்லை. அடுத்த நாளும் வரவில்லை. பதினொரு நாள் இவ்வாறு சென்றது.

1845இல் எமிலி மறைத்து வைத்திருந்த கவிதைகளைச் சார்லட் அவரறியாமற் படித்துவிட்டார் என்பதையும், எமிலியின் சினத்தை ஆற்றவே பல மணிநேரமும், அவற்றை அச்சிட இசைவிக்கப் பல நாட்களும் சென்றன என்பதையும் முன்னரே படித்திருந்தோம். படித்தும் என்? உடன்பிறந்தாளிடத்தும் இசைவு கேட்டே தீரவேண்டிய பொருள் ஒன்றுண்டு என்பது, எம் தலைமேல் விழுந்த பின்னரே எமக்கு உறைத்தது.

பன்னிரண்டாம் நாள் அவர் அறைக்குச் சென்று, “அக்கா, யாம் திருடிவிட்டோம்” என்றோம். அவர் நெடுநேரம் பேசாதிருந்து, “என்னிடம் சொல்வதிற் பயனில்லை. கிறிஸ்துமஸ் விடுமுறையில் என்னோடு ஊருக்கு வா. உரியவரிடம் சொல்” என்றார்.

சென்றோம். சித்தியார் திண்ணையில் தலையணைமுன் அமர்ந்து பின்னிக்கொண்டிருந்தார். யாம் நடுக்கத்தோடு செய்தியைச் சொல்லி முடித்ததும், “அதைப் படி மக்களே, கேட்போம்” என்றார். கை நில்லாமலே கேட்டார். முடிந்ததும் அவர் முதலிற் சொன்னது தொழிலைப் பற்றியே: “கட்டையை மாற்றிய பிறகுதான் ஊசி நடவேண்டும். நீ தலைகீழாக எழுதியிருக்கிறாய்.” சிறிது பொறுத்து, “நான் அழவில்லை என்று எழுதாதே. அழுதேன். இவர்கள் யாரும் பார்க்கவில்லை, அவ்வளவுதான்” என்றார். இதனைக் கேட்ட தோழியார் தலைகுனிந்தார். அத்தனையாண்டு அருகிருந்தும் அவர் அதனை அறிந்திலர்.

இறுதியில் சித்தியார், “காத்திருந்ததை எழுது, பிரித்துப் பின்னியதையும் எழுது, அவை என்னுடையவை, தருகிறேன். அந்தக் கடைசிச் செய்தியை மட்டும் எடுத்துவிடு. அது எனக்கு மாத்திரம் உரியதன்று” என்றார். அவர்முன்னரே அப்பக்கத்தைக் கிழித்து அவர் கையிற் கொடுத்தோம். அச்செய்தி யாதென்பதை இக்கட்டுரையிலும் அன்பர்கள் எதிர்பாரற்க.

அதனை இழந்ததனால் அதிகாரம் சுவை குன்றிற்று என்பதில் ஐயமில்லை. பின்னர்ப் படித்தோர் இருவர், முடிவில் ஏதோ ஒன்று குறைகிறது என்றனர். ஆம் என்றோம்; வேறொன்றும் சொல்லவில்லை. ஊர் திரும்பிய இரவு தோழியார் தாமாகவே வேப்பமரத்தடிக்கு வந்தார். எமக்கு அது போதும்.

1848இல் எமிலியும், 1849இல் ஆனும் இறந்தபின், சார்லட் தனியராய் அம்மேசையைச் சுற்றி நடந்தாராம். இரவுதோறும் அவ்வொற்றை அடியோசையைக் கேட்டு வீட்டுப் பணிப்பெண் நெஞ்சு நொந்தாள் என்று காஸ்கெல் அம்மையார் எழுதியுள்ளார். அதனைப் படித்தகாலை எமக்கு அவ்வளவாகத் துயர் உண்டாகவில்லை. இப்பொழுது தோழியார் பட்டம் பெற்றுத் தம்மூர்ப் பக்கத்துப் பள்ளியொன்றிற் கணிதம் கற்பிக்கின்றார். யாம் மூன்றாமாண்டில் வேப்பமரத்தைத் தனியே சுற்றுகின்றோம். சார்லட்டுக்கு வாய்த்த துயரம் எமக்கில்லை, அடுத்த விடுமுறை உண்டு, கடிதமும் உண்டு. ஆயினும் பொய்யான இடம் வரும்போது, உடன்வரும் நடையொன்று நின்றுவிடும் அந்த ஓசையின்மை இல்லாது எழுதுவது அரிதாகவே இருக்கின்றது.

ஆதலின் காதற்கதை எழுத விரும்பும் எம் போன்ற மாணவியர்க்கு யாம் சொல்லக்கூடியது ஒன்றே. காதல் வருமளவும் காத்திருக்க வேண்டா. உண்மை சொல்லும் தோழி ஒருத்தியைத் தேடிக்கொள்க. அவள் நம்பித் தந்ததைக் கேளாது எடுக்கற்க. அவள் நட்புக்கும் ஒரு நல்ல அதிகாரத்துக்கும் போட்டி நேர்ந்தால், அதிகாரத்தைக் கிழிப்பதே நன்று. வேறொன்று எழுதிக்கொள்ளலாம்.

எம் நாவல் இன்னும் முடிந்தபாடில்லை, பதினோரதிகாரம் ஆகியிருக்கின்றது. தலைவி கோடைக்கானலை விட்டு இறங்கிவிட்டாள். விடியற்காலையில் எழுந்து, நீர் கொணர்ந்து வைத்து, முற்றம் பெருக்கித் தலையணைமுன் அமர்கின்றாள். ஊசி இப்போது சரியான இடத்தில் நடப்படுகின்றது. தலைவன் இன்னும் வந்து சேரவில்லை; குதிரையை மட்டும் முன்னதாகவே நீக்கிவிட்டோம்.